நீரிறைக்கும் இயந்திரத்துக்கான எண்ணெய்க் கான்: தெரிவும் பாவனையும்

கிணற்று நீரை நம்பி மரக்கறிச் செய்கை நடத்தும் கமக்காரர் ஒருவர் மண்வெட்டிக்கு அடுத்தபடியாக அடிக்கடி கையிலெடுக்கும் பொருள் எண்ணெய்க் கானேயாகும். மண்வெட்டியைத் தெரிந்தெடுக்கும்போது அவர் அலகைத் தட்டிப் பார்ப்பார். பிடியின் பருமனைக் கையால் அளந்து பார்ப்பார். ஆனால் கானை வாங்கும்போது விலையையும் நிறத்தையுமன்றி வேறெதனையும் நோக்குவதில்லை. அதன் பயனாகத் தோட்டத்தில் எண்ணெய் சிந்துகின்றது; நேரம் வீணாகின்றது; சில வேளைகளில் உடலுக்கும் உயிருக்கும் கேடு நேர்கின்றது. எண்ணெய்க் கானின் வகைகள், அவற்றின் குறைகள், அவற்றுக்கான மாற்று வழிகள், எண்ணெயைச் சிந்தாது ஊற்றும் முறை ஆகியன இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன. நெற்செய்கையாளர் இரு சக்கர உழவு இயந்திரத்துக்கும் விசைத் தெளிகருவிக்கும் எரிபொருள் ஊற்றுவதாற் பாடம் அவர்களுக்கும் பொருந்தும்.

1. தெல்லிப்பழையில் இது ஏன் சிறு விடயமன்று

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. மாரி மழை செம்மண்ணினூடாக இறங்கி, அதன் கீழுள்ள சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. அந்நீரே கிணற்றிற் சுரக்கின்றது. வெங்காயப் பாத்திக்குப் பாய்வதும் வீட்டில் உலை வைப்பதும் அந்த ஒரே நீர்தான். தெல்லிப்பழையைச் சூழ்ந்த பகுதிகளிற் செம்மண் படை பல இடங்களில் ஆழமற்றது. பாறையோ ஓட்டைகள் நிறைந்தது. ஆதலால் மேலே ஊற்றப்படும் எதுவும் வடிகட்டப்படாமலே கீழே சென்றடையக் கூடும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதற்குத் தோட்டங்களில் இடப்படும் பசளையும் ஒரு காரணமென ஆய்வாளர் காட்டியுள்ளனர். பசளை செல்லும் வழியிலேயே எண்ணெயும் செல்லும்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அயலிலுள்ள சுன்னாகத்தில், மின் நிலைய வளவிலிருந்து வெளியேறிய கழிவெண்ணெயினாற் கிணறுகள் மாசடைந்தன என்னும் முறைப்பாடு 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் பெரிதாக எழுந்தது. சுன்னாகத்தில் மட்டுமன்றித் தெல்லிப்பழை, மல்லாகம், உடுவில் ஆகிய இடங்களிலும் மக்கள் தமது கிணற்று நீரைக் குடிக்க அஞ்சினர். தாங்கி வண்டிகளில் வந்த நீருக்காகக் குடங்களுடன் காத்து நின்றனர். இது தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கென 2 கோடி ரூபா செலுத்துமாறு மின் நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது.

மின் நிலையத்தின் எண்ணெயோடு தோட்டத்துக் கானின் எண்ணெயை ஒப்பிடலாமோ எனச் சிலர் வினவுவர். ஒரு கணக்கைப் பார்ப்போம். கமக்காரர் ஒருவர் ஒரு போக வெங்காயத்துக்கு 20 முறை நீரிறைக்கிறார் எனவும், ஒவ்வொரு முறையும் இரு தடவை இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறார் எனவும் கொள்வோம். ஒரு தடவையில் இரண்டு மேசைக்கரண்டியளவு, அதாவது 30 மில்லிலீற்றர் சிந்தினால், 40 தடவையில் 1,200 மில்லிலீற்றர் சிந்தும். ஆண்டுக்கு மூன்று பயிர் செய்தால் 3.6 லீற்றர். பத்து ஆண்டில் 36 லீற்றர். பழைய நான்கு கலன் மண்ணெண்ணெய்த் தகரத்தில் இது ஏறத்தாழ இரண்டு தகரம். இயந்திரம் எப்போதும் கிணற்றுக்கட்டின் அருகே ஒரே இடத்தில் நிற்பதால், இவ்வளவு எண்ணெயும் கிணற்றின் விளிம்பிலேயே சிந்துகின்றது. இரண்டு தகரம் எண்ணெயைத் தன் கிணற்றோரம் கொண்டு சென்று ஊற்ற எக்கமக்காரரும் உடன்படார். ஆயினும் சிறிது சிறிதாக அதுவே நிகழ்கின்றது.

2. தகரம் முதற் கான் வரை

துலாவும் பட்டையும் கொண்டு நீரிறைத்த காலத்தில் எண்ணெய் வீட்டு விளக்குக்கு மட்டுமே வேண்டியிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் தோட்டத்துக்கு வந்த பின்னர், மண்ணெண்ணெய்த் தகரமும் உடன் வந்தது. மெல்லிய தகட்டாலான அத்தகரம் விளிம்பிற் கசியும், மோதினால் நெளியும், ஊற்றும்போது வாய் வழியே வழியும்.

இதே வகைத் தகரத்தைத்தான் இரண்டாம் உலகப் போரில், வட ஆபிரிக்கப் பாலைவனத்திற் போரிட்ட பிரித்தானியப் படையினரும் பெற்றோல் கொண்டு செல்லப் பயன்படுத்தினர். நான்கு கலன் கொள்ளும் அத்தகரங்கள் வழியிலேயே கசிந்து, பெருமளவு பெற்றோல் மணலிற் சேர்ந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்த செருமானியரோ 1937 ஆம் ஆண்டளவில் உருவாக்கப்பட்ட 20 லீற்றர் இரும்புக் கானைப் பயன்படுத்தினர். பிரித்தானியர் கைப்பற்றிய கான்களைப் பார்த்து அதைப் போலவே தாமும் செய்யத் தொடங்கினர். 'செரிக்கான்' என்று இன்றும் வழங்கப்படுவது அதுவேயாகும். அதன் சிறப்புகள் மூன்று. முதலாவது, மூன்று கைபிடிகள் உள்ளமையால் ஒருவர் தனித்தும் இருவர் சேர்ந்தும் தூக்கலாம். இரண்டாவது, திருகாணி மூடிக்குப் பதிலாக நெம்பி இறுக்கும் மூடி உண்டு. மூன்றாவது, ஊற்றும்போது காற்று உட்செல்லத் தனிச் சிறு குழாய் வாயின் உட்புறத்தில் அமைந்துள்ளது. இம்மூன்றாவது சிறப்பைக் கமக்காரர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் கூறப்படுவன யாவும் இதனைப் பற்றியே அமைகின்றன.

எரிபொருளின் அருமையை யாழ்ப்பாணத்தவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டின் பின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில், ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் பொன்னைப் போல் அளக்கப்பட்டது. சில துளி பெற்றோலால் இயந்திரத்தைத் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினர்; யாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தனர். வலிகாமம் வடக்கு மக்கள் பெரும்பாலோர் அதே 1990 இல் ஊரை விட்டு நீங்கி, பிறர் காணிகளிற் பயிர் செய்து பிழைத்தனர். மீண்டும் 2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருள் அற்றுப்போனபோது, கமக்காரர் கான்களுடன் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஓகத்து மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. இவ்வாறு பெறப்பட்ட எண்ணெயை நிலத்திற் சிந்தவிடுதல், விளைந்த வெங்காயத்தை வழியிற் கொட்டிச் செல்வதற்கு ஒப்பாகும்.

3. சிந்தாத கான் தோன்றிய வரலாறு

அண்மைக் காலத்திற் கடைகளில் 'சிந்தாத கான்' என்னும் பெயருடன் சில பிளாத்திக்குக் கான்கள் விற்கப்படுகின்றன. அவற்றின் வாயில் வில்லுடன் கூடிய அடைப்பான் உண்டு. அழுத்தினாலன்றி, அல்லது அழுத்தித் திருகினாலன்றி எண்ணெய் வராது. கையை எடுத்தவுடன் அடைப்பான் தானே மூடிக்கொள்ளும்.

இவ்வமைப்பு அமெரிக்காவில் ஏற்பட்ட சட்டங்களின் விளைவாகும். கலிபோர்னியா மாநிலத்தில், பெற்றோலின் ஆவி வளியில் கலந்து நகரங்களின் வளியைக் கெடுப்பதைக் குறைக்க, 2001 ஆம் ஆண்டு முதல் இத்தகைய கான்கள் கட்டாயமாக்கப்பட்டன. தொட்டி நிறைந்ததும் தானே நிற்க வேண்டும், கையை எடுத்ததும் தானே மூட வேண்டும், கானுக்கு ஒரேயொரு வாயே இருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. காற்று புகுவதற்கெனக் கானின் பின்புறத்தில் முன்பு இருந்த சிறு துவாரம் இதனால் நீங்கியது. 2009 ஆம் ஆண்டு முதல் அமெரிக்கா முழுவதற்கும் ஆவிக் கட்டுப்பாடு வந்தது. சிறுவர் எளிதிற் திறக்க முடியாத மூடியும் அக்காலத்திலேயே கட்டாயமாயிற்று. 2020 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், தீச்சுவாலை கானுக்குட் புகாது தடுக்கும் வலை வேண்டுமென்றது.

நோக்கங்கள் யாவும் நல்லவையே. ஆயினும் 'தானே நிற்கும்' அமைப்பைக் கொண்ட கான்கள் எல்லாத் தொட்டிகளுக்கும் பொருந்தாமையால், எண்ணெய் முன்னையிலும் கூடுதலாகச் சிந்துகின்றது என மக்கள் முறையிட்டனர். கலிபோர்னியா அவ்விதியை 2007 ஆம் ஆண்டில் நீக்கியது. சிந்தாமற் காக்க வந்த கருவியே சிந்தச் செய்தது என்பதைச் சட்டமியற்றியோரே ஏற்றுக்கொண்டனர் என்பது இதனாற் புலனாகும்.

4. இக்கானின் குறைகளும் அவற்றின் காரணங்களும்

காலை வெயில் ஏறுமுன் இறைத்து முடிக்க விரும்பும் கமக்காரர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பத்து லீற்றர் கானை ஒரு கையால் தூக்கிப் பிடிக்கிறார். மறு கையால் அடைப்பானை அழுத்துகிறார். எண்ணெய் சிறிது வருகிறது, நிற்கிறது, பின் விக்கி விக்கித் தெறிக்கிறது. கை சோர்ந்து கான் சரிகிறது. எண்ணெய் இயந்திரத்தின் மேல் வழிகிறது. அடுத்த காணிக்காரர், "அண்ணை, உந்தக் கானை விட்டிட்டுப் பழைய சோடாப் போத்தலைக் கொண்டாங்கோ" என்கிறார். அன்றோடு புதிய கான் கொட்டிலின் மூலைக்குச் செல்கிறது. போத்தல் கிணற்றடிக்கு வருகிறது. இதுவே எல்லாவற்றிலும் ஆபத்தான முடிவு என்பது பின்னர் காட்டப்படும்.

இத்தொல்லையின் காரணங்கள் வருமாறு:

(அ) காற்று வழியின்மை. பால் தகரத்தில் ஒரு துவாரம் மட்டும் குத்தினால் பால் வராது. எதிரே இன்னொரு துவாரம் குத்தினால் நூல் போல் ஒழுகும். தேநீர்க் கடைக்காரர் யாவரும் இதை அறிவர். வெளியேறும் எண்ணெயின் இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். வேறு வழி இல்லையெனில், காற்று அதே வாயினூடாக எண்ணெயை எதிர்த்து உட்புகும். அதுவே விக்கலுக்குக் காரணம்.

(ஆ) தொட்டி வாய் பொருந்தாமை. அடைப்பானின் கொளுக்கி தொட்டியின் விளிம்பில் ஊன்றி அழுத்தப்பட வேண்டும். சிறு நீரிறைக்கும் இயந்திரங்களின் தொட்டி வாயில் வடி வலை உண்டு. அது கொளுக்கிக்கு இடங்கொடாது.

(இ) இறப்பர் வளையம் கெடுதல். எண்ணெயிற் சில வகை இறப்பர் ஊதி விரியும். பின்னர் அடைப்பான் முழுதாக மூடாது கசியும்.

(ஈ) வெயிலில் அமுக்கம் ஏறுதல். வெயிலில் வைத்த பெற்றோல் கான் ஆவியால் ஊதி நிற்கும். அந்நிலையில் அடைப்பானை அழுத்தினால் எண்ணெய் முகத்திற் பீறிடும்.

(உ) பாரம். பத்து லீற்றர் மண்ணெண்ணெய் ஏறத்தாழ 8 கிலோகிராம் நிறையுடையது. அதனை ஒரு கையால் அந்தரத்திற் பிடித்துக்கொண்டு மறு கையால் நுட்ப வேலை செய்தல் எவர்க்கும் கடினம்.

இக்குறைகளைக் கண்டு சிலர் கானின் பின்புறத்திற் சுட்ட ஆணியால் துவாரமிடுகின்றனர். இது முற்றாகத் தவிர்க்கப்பட வேண்டியது. காலியான பெற்றோல் கானில் நிறைந்திருப்பது ஆவி; சுட்ட ஆணி அதனை வெடிக்கச் செய்யும். துவாரமிட்ட கானை உந்துருளியில் ஏற்றிச் சென்றால், வழி நெடுக ஆவியும் எண்ணெயும் வெளிப்படும்.

5. செய்முறை: கானை நீராற் சோதித்தல்

கானை வாங்கியதும், எண்ணெய் ஊற்றுமுன், கீழ்க்காணும் சோதனையைச் செய்தல் நன்று.

முதலிற் கானில் 5 லீற்றர் நீர் ஊற்றி மூடியை இறுக்கிக் கவிழ்த்து, உலர்ந்த தரையில் கால் மணி நேரம் வைக்க வேண்டும். தரை நனைந்தால் அக்கான் ஏற்றதன்று. அடுத்து, அந்நீரைச் சிறு வாயுள்ள போத்தலொன்றினுட் புனலின்றி ஊற்றிப் பார்க்க வேண்டும். போத்தல் ஒரு தட்டில் நிற்கட்டும். தட்டிற் சேர்ந்த நீரைக் கரண்டியால் அளந்தால், தோட்டத்தில் ஒவ்வொரு முறையும் எவ்வளவு எண்ணெய் சிந்தும் என்பது தெரிந்துவிடும். மூன்றாவதாக, கானின் வாய் கீழ்ப்பக்கமாக இருக்கும்படியும், பின்னர் மேற்பக்கமாக இருக்கும்படியும் சரித்து ஊற்றிப் பார்க்க வேண்டும். வாய் மேற்பக்கமாக இருக்கும்போது, நீரின் மேலாகக் காற்று உட்சென்று ஒழுக்கு விக்கலின்றிச் சீராக வருவதைக் காணலாம். தனிக் காற்று வழி இல்லாத தட்டைக் கான்கள் யாவற்றையும் இவ்வாறே பிடித்து ஊற்ற வேண்டும். சோதனை முடிந்ததும் கானை நன்றாகக் காய விடுதல் அவசியம். எஞ்சிய நீர் எண்ணெயுடன் காபுரேற்றருக்குட் சென்றால் இயந்திரம் நின்றுவிடும்.

6. மாற்று வழிகள்

(1) காற்று மூடியுள்ள பிளாத்திக்குக் கான். எரிபொருளுக்கெனச் செய்யப்பட்டதும், தடித்த சுவருடையதும், ஊற்றும் வாய்க்கு எதிர்ப்புறத்தில் திருகித் திறக்கும் சிறு காற்று மூடியுள்ளதுமான 5 லீற்றர் கான் பெரும்பாலான தோட்டங்களுக்குப் போதுமானது. எடுத்துச் செல்லும்போது இரு மூடிகளும் இறுக்கப்பட வேண்டும். ஊற்றும்போது மட்டுமே காற்று மூடி திறக்கப்பட வேண்டும்.

(2) இரும்புச் செரிக்கான். நீண்ட காலம் உழைக்கும். 20 லீற்றர் கான் எண்ணெயுடன் ஏறத்தாழ 20 கிலோகிராம் நிறையுடையதாதலால், வீட்டிற் சேமிக்கவும் உழவு இயந்திரத்துக்கு டீசல் கொண்டு செல்லவும் ஏற்றது. வளையும் ஊற்றுக்குழாயைப் பொருத்திப் பயன்படுத்த வேண்டும். உட்புறம் துருப்பிடித்த கானை நீக்கிவிட வேண்டும்.

(3) ஆட்டு குழாய். நுனியில் பித்தளை அடைப்பானும் உள்ளே உருளும் குண்டும் கொண்ட ஒரு தெளிந்த குழாய் இது. கானைத் தொட்டியிலும் உயரமான கல்லின் மேலோ மரப்பலகையின் மேலோ வைத்து, குழாயின் அடைப்பான் நுனியை எண்ணெயில் அமிழ்த்தி, மேலுங் கீழுமாகச் சில முறை ஆட்டினால் எண்ணெய் தானே ஓடும். நிறுத்துவதற்குக் குழாயை எண்ணெய் மட்டத்துக்கு மேல் உயர்த்தினாற் போதும். கானைத் தூக்க வேண்டியதில்லை, விக்கல் இல்லை, சிந்துதல் மிகக் குறைவு. முதியோரும் பெண்களும் தனித்து இறைக்கும் தோட்டங்களுக்கு இதுவே மிகச் சிறந்த முறையாகும். ஆனால் இது தானே நிற்காது. தொட்டி நிறையும் வரை கண்ணை எடுத்தலாகாது.

முன்னர் வாங்கிய 'சிந்தாத கானை' எறிந்துவிட வேண்டியதில்லை என்பதையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். சேமிப்பதற்கும் எடுத்துச் செல்வதற்கும் அது நல்ல கானே. ஊற்றும் வேளையில் அதன் அடைப்பானைக் கழற்றி, ஆட்டு குழாயால் எண்ணெயை எடுத்துக்கொள்ளலாம்.

(4) சிறு ஊற்றுக் கானும் புனலும். பெரிய கானிலிருந்து நேரே ஊற்றாமல், 1 அல்லது 2 லீற்றர் கொள்ளும், நீண்ட மூக்குள்ள சிறு உலோகக் கானில் எடுத்து ஊற்றலாம். அகன்ற புனலும் அதனுள் மெல்லிய வடி வலையும் இருத்தல் வேண்டும். மண்ணெண்ணெய் இயந்திரத்தைத் தொடக்குவதற்கு வேண்டிய சிறிதளவு பெற்றோலுக்கு இம்முறை மிகவும் பொருந்தும்.

தவிர்க்க வேண்டியவை: சோடாப் போத்தலும் தண்ணீர்ப் போத்தலும் எரிபொருளுக்கு ஒருபோதும் பயன்படுத்தப்படலாகாது. தோட்டத்திற் களைத்து வரும் ஒருவரோ வீட்டிலுள்ள குழந்தையோ அதனை நீரெனக் குடித்துவிட நேரும். இலங்கையின் கிராமங்களிற் குழந்தைகள் நஞ்சருந்தி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுவதற்கு மண்ணெண்ணெய் ஒரு முக்கிய காரணமாக இருந்து வந்துள்ளது. பூச்சிகொல்லி வந்த கானும் ஆகாது. அதில் எஞ்சிய நஞ்சு கையிலும் புகையிலும் கலக்கும்.

7. எண்ணெய் ஊற்றும் முறை

முதலில் இயந்திரத்தை நிறுத்திக் கால் மணி நேரமாவது ஆற விட வேண்டும். பெற்றோல் மட்டுமே தீப்பற்றும், மண்ணெண்ணெய் அஞ்சத்தக்கதன்று என்பது தவறான எண்ணம். பெற்றோலின் ஆவி எக்காலநிலையிலும் பொறியொன்றினாற் பற்றக்கூடியது என்பது உண்மையே. மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 220 பாகை சதம வெப்பத்தில் பொறி எதுவுமின்றியே தானாகப் பற்றும். இவ்வகையிற் பெற்றோலிலும் குறைந்த வெப்பமே அதற்குப் போதும். ஓடி நின்ற இயந்திரத்தின் புகைக்குழாய் அவ்வெப்பத்தைக் கடந்திருக்கக்கூடும்.

இரண்டாவதாக, புகைபிடித்தலும் விளக்கும் அருகில் இருத்தலாகாது. பெற்றோலின் ஆவி வளியிலும் பாரமானது. தாழ்ந்து நிலத்தோடு படர்ந்து, சற்றுத் தொலைவிலுள்ள நெருப்பையும் சென்றடையும்.

மூன்றாவதாக, தொட்டியின் கீழே, பழைய தாச்சி ஒன்றில் உலர்ந்த மணலிட்டு வைக்க வேண்டும். சிந்தும் துளிகள் மணலில் தங்கும். இயந்திரம் நிலையாக நிற்கும் தோட்டங்களில் அதற்குச் சீமெந்து மேடை அமைத்து, சுற்றிலும் 5 சென்ரிமீற்றர் உயரமான விளிம்பு கட்டுதல் சிறந்தது. மேடை கிணற்றுக்கட்டிலிருந்து இயன்றளவு விலகி, கிணற்றின் பக்கம் சரியாதவாறு இருத்தல் வேண்டும். எண்ணெய் ஊறிய மணலை வாய்க்காலிலோ பாத்தியிலோ கொட்டலாகாது. மூடியுள்ள தகரத்திற் சேர்த்து வைத்து, அகற்றும் முறையைப் பிரதேச சபையிடம் கேட்டறிய வேண்டும். இயந்திரத்திலிருந்து மாற்றப்படும் பழைய கழிவெண்ணெயையும் நிலத்தில் ஊற்றாது சேர்த்து, இயந்திரந் திருத்தும் நிலையத்திற் கொடுத்தல் வேண்டும்.

நான்காவதாக, தொட்டியை விளிம்பு வரை நிரப்பலாகாது. பெற்றோல் 10 பாகை வெப்பம் ஏறும்போது நூற்றுக்கு ஒரு பங்களவு விரியும். இரண்டு விரல் இடைவெளி விட்டால் அது வழியாது.

ஐந்தாவதாக, எக்காரணத்தாலும் குழாயை வாயால் உறிஞ்சி எண்ணெய் எடுக்கலாகாது. ஒரு மிடறு எண்ணெய் வயிற்றுக்குச் செல்வதிலும், சில துளிகள் சுவாசப்பைக்குச் செல்வது கொடியது.

8. வாங்கலும் வைத்தலும்

எரிபொருள் நிலையத்திற் கானை நிலத்தில் வைத்தே நிரப்ப வேண்டும். வாகனத்தின் மேல் வைத்து நிரப்பினால், எண்ணெய் பாயும்போது உண்டாகும் நிலைமின் நிலத்துக்கு இறங்க வழியின்றிப் பொறி தோன்றக்கூடும். நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நிரப்புதல் தகாது. உந்துருளியிற் கொண்டு செல்கையில் கானை நிமிர்த்திக் கட்ட வேண்டும்.

பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல், விசைத் தெளிகருவிக்கான எண்ணெய் கலந்த பெற்றோல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக் கான் வேண்டும். தனி நிறமும், தமிழிற் பெரிதாக எழுதிய பெயரும் வேண்டும். மண்ணெண்ணெய் எனக் கருதிப் பெற்றோலை அடுப்பிலோ விளக்கிலோ ஊற்றிய வீடுகளில் நேர்ந்தவற்றை எவரும் மறவார். கானைச் சமையலறையிலும் படுக்கையறையிலும் வைக்காமல், நிழலும் காற்றோட்டமும் உள்ள தனிக் கொட்டிலில், பிள்ளைகளுக்கு எட்டாதவாறு பூட்டி வைக்க வேண்டும். தட்டுப்பாட்டுக் காலத்தில் அச்சத்தாற் பெருமளவு பெற்றோலைச் சேர்த்து வைத்தல், வீட்டினுள் தீயைச் சேர்த்து வைப்பதாகும். வேண்டிய அளவே வாங்கி, முன் வாங்கியதை முன் செலவிட வேண்டும். சில மாதங்கள் கிடந்த பெற்றோல் காபுரேற்றரிற் பிசின் போற் படிந்து இயந்திரத்தையும் கெடுக்கும்.

9. விபத்து நேர்ந்தால்

எண்ணெய் குடித்தவரை வாந்தியெடுக்கச் செய்யலாகாது. உப்பு நீர் கொடுத்தலும் தொண்டையில் விரலிடுதலும் நம்மவரிடையே உள்ள பழக்கம். மண்ணெண்ணெய்க்கு இது உயிராபத்தானது. வாந்தியுடன் மேலெழும் எண்ணெய் சுவாசப்பைக்குட் புகுந்து அதனைக் கெடுக்கும். இருமல் இல்லாவிடினும், உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தெல்லிப்பழையில் ஆதார வைத்தியசாலை உண்டு. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும்.

உடையில் எண்ணெய் பட்டால் உடனே உடையை மாற்றி, தோலைச் சவர்க்காரத்தாற் கழுவ வேண்டும். எரியும் எண்ணெயின் மேல் நீர் ஊற்றலாகாது. எண்ணெய் நீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும். மணலையோ நனைத்த சாக்கையோ இட்டு மூட வேண்டும். தீச்சுட்ட புண்ணைக் குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் பிடித்தல் வேண்டும். பற்பசையும் எண்ணெயும் பூசலாகாது.

10. முடிவு

மின் இணைப்புள்ள தோட்டங்களில் மின்னாலும், வசதியுள்ளோர் சூரிய ஒளியாலும் நீரிறைத்தால் கானின் தொல்லையே இராது. ஆயினும் மின் எட்டாத காணிகளிலும், இயந்திரத்தைக் கிணற்றுக்குக் கிணறு கொண்டு செல்வோரிடத்தும் எண்ணெய்க் கான் இன்னும் நெடுங்காலம் இருக்கும். ஆதலால் அதனை அறிந்து தெரிந்தெடுத்தல் வேண்டும். ஊற்றுவோரின் கைக்கும், இயந்திரத்தின் வாய்க்கும் பொருந்திய கானே நல்ல கான். 'சிந்தாதது' என்னும் பெயர் எழுதப்பட்டமையால் மட்டும் ஒரு கான் நல்லதாகிவிடாது. நீண்ட காலம் ஊரைப் பிரிந்திருந்து மீண்ட வலிகாமம் வடக்குக் கமக்காரர் பலர், பற்றை மூடிக் கிடந்த கிணறுகளைத் துப்புரவாக்கி மீண்டும் நீர் கண்டனர். அந்நீரை எண்ணெய் தொடாது காத்தல், அடுத்த தலைமுறைக்கு அவர்கள் விட்டுச் செல்லும் முதுசொமாகும்.

பயிற்சி வினாக்கள்

1. உமது தோட்டத்தில் ஒரு தடவை எண்ணெய் ஊற்றும்போது சிந்தும் அளவைக் கரண்டியால் அளந்து, ஓராண்டுக்குரிய அளவைக் கணக்கிடுக.
2. ஒரு துவாரம் மட்டுமுள்ள பால் தகரத்திலிருந்து பால் வராமைக்குக் காரணம் யாது? எண்ணெய்க் கானில் அக்குறையைத் தீர்க்கும் மூன்று வழிகளைக் கூறுக.
3. ஓடி நின்ற இயந்திரத்துக்கு உடனே மண்ணெண்ணெய் ஊற்றலாகாது. ஏன்?
4. மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்குச் செய்யத்தகாதது யாது? செய்ய வேண்டியது யாது?
5. உமது இயந்திரம் கிணற்றுக்கட்டிலிருந்து எத்தனை அடி தொலைவில் நிற்கின்றது? அதன் கீழுள்ள மண்ணை ஒரு சாண் ஆழம் தோண்டி முகர்ந்து பார்த்து, கண்டதைக் குறித்து வைக்குக.